பெட்ரோல், மண்ணெண்ணெய், கேஸ் எல்லாவற்றிலும் எரியும் கேம்பிங் ஸ்டவ்: எதை வாங்கலாம்?

சிப்புட் தம்பி:

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன், பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் வேலை. நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து அடிக்கடி பக்கத்து ஊரான லாசா தாண்டி பிளஸ் ஆற்றுப் பக்கம் தூண்டில் போடப் போவோம். சனிக்கிழமை மதியம் போனால் ஞாயிறு சாயங்காலம்தான் திரும்புவோம். சோறு, மீன் குழம்பு, காலையில் மெகி, ராத்திரி முழுக்கக் காப்பித்தண்ணி. சமைக்கும் பொறுப்பு என்னுடையது.

இதுவரைக்கும் வீட்டில் இருக்கும், பக்கவாட்டில் கேஸ் டப்பா போட்டு எரிக்கும் ஸ்டீம்போட் அடுப்பைத்தான் தூக்கிக்கொண்டு போகிறேன். ஆற்றங்கரைக் காற்றில் தீ ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது, எட்டுப் பேருக்குச் சோறு வேகவே முக்கால் மணி நேரம் ஆகிறது. இன்னொரு தொல்லை, பெரிய பானையை வைத்துக் கொஞ்ச நேரம் எரிந்ததும் பக்கத்தில் இருக்கும் லீவர் டக்கென்று தானாக விடுபட்டு அடுப்பு அணைந்துபோகிறது. மறுபடி அழுத்தினால் எரிகிறது, பத்து நிமிடத்தில் மறுபடி அதே கதை. டப்பா தீர்ந்துவிட்டால் உள்ளே கடையும் கிடையாது.

அடுத்த வருடம் கோர்பு மலை ஏறலாம் என்றும் ஒரு பேச்சு ஓடுகிறது. அதனால் ஆற்றுக்கும் மலைக்கும் ஒன்றாக, எந்த எண்ணெய் கிடைத்தாலும் எரிகிற மாதிரி ஒரு ஸ்டவ் வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். வீடியோவில் எம்எஸ்ஆர் டிராகன்ஃபிளை, பிரைமஸ் ஆம்னிஃபியூல் இரண்டும் பார்த்தேன். ஷோப்பியில் பிஆர்எஸ்-8 என்று ஒரு சீன ஸ்டவ் விலை குறைவாகக் கிடைக்கிறது. அறுநூறு வெள்ளி வரைக்கும் போடலாம். மோட்டாருக்கு ஊற்றும் ரோன்95 பெட்ரோலையே இதற்கும் ஊற்றலாமா? இதில் சோறு ஒழுங்காக வேகுமா? அம்மாவுக்குப் பெட்ரோல் அடுப்பு என்றாலே பயம், வேண்டவே வேண்டாம் என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிந்தா நடையன்:

தம்பி, முதலில் அந்த லீவர் விஷயம், ஏனென்றால் அதுதான் அவசரம். உங்கள் அடுப்பில் கோளாறு எதுவும் இல்லை. பெரிய பானை பக்கத்தில் இருக்கும் கேஸ் டப்பா அறை வரைக்கும் நீட்டிக்கொண்டு நிற்கிறது, பானையின் அடியில் இருந்து திரும்பும் சூடு டப்பா மேல் இறங்குகிறது, உள்ளே அழுத்தம் ஏறுகிறது, அடுப்பு தானாக டப்பாவை விடுவித்துவிடுகிறது. அது பாதுகாப்புக்காகவே வைத்திருப்பது. தயவு செய்து அந்த லீவரைக் கம்பி வைத்துக் கட்டுவது, கல்லை முட்டுக் கொடுப்பது எல்லாம் வேண்டாம், அப்படிச் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். காற்றுக்கு மறைப்பு வைக்கும்போதும் டப்பா இருக்கும் பக்கத்தை மூடாதீர்கள். டப்பாவைத் தொட்டுப் பார்த்தால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், சூடாகத் தெரிந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

இப்போது ஸ்டவ். எந்த ஸ்டவ் என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் ஊரில் எந்த எரிபொருள் எப்போது கேட்டாலும் கிடைக்கும் என்று பாருங்கள். அதை வைத்துத்தான் ஸ்டவ்வைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் எல்லாரும் ‘வைட் கேஸ்’ என்று ஒன்றை ஊற்றுவார்கள். அது சேர்க்கை எதுவும் இல்லாத சுத்தமான பெட்ரோல் மாதிரி, புகை வராது, ஸ்டவ்வை அடைக்காது. நம் நாட்டில் அது வெளிப்புறச் சாமான் கடைகளில் எப்போதாவது கிடைக்கும், விலையும் கையைக் கடிக்கும். ஆக நமக்கு இருப்பது மூன்றுதான்: பெட்ரோல், மண்ணெண்ணெய், பியூட்டேன் கேஸ் டப்பா.

வெள்ளைக்காரர்கள் திரவ எரிபொருள் ஸ்டவ்வுக்குப் போவதற்குப் பெரிய காரணம் குளிர். பியூட்டேன் கிட்டத்தட்ட பூஜ்யம் டிகிரியிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும், பனியில் அந்த டப்பா செத்த டப்பா. நம் ஊரில் அந்தப் பிரச்சினையே இல்லை. கேமரன் மலையில் ராத்திரி நல்ல குளிர் என்றாலும் பதினைந்து டிகிரி பக்கம்தான் இருக்கும். கோர்பு 2,183 மீட்டர், உச்சியில் காற்றடித்தால் நடுங்கும், ஆனாலும் பியூட்டேன் எரியும். எரிய எரிய டப்பா தானே குளிர்ந்து தீ கொஞ்சம் சோர்வடையும், அவ்வளவுதான்.

அதனால் மலைக்கு மட்டும் என்றால் நான் யோசிக்காமல் கேஸ்தான் சொல்வேன். திருகி மாட்டும் குட்டை டப்பா, அதில் ஒரு சின்ன பர்னர், முதுகுப்பையில் ஒரு மூலையில் அடங்கிவிடும். அந்த டப்பா உங்கள் ஸ்டீம்போட் அடுப்பில் போடும் நீள டப்பாவை விட நாலைந்து மடங்கு விலை, ஈப்போ மாதிரி ஊருக்கு வந்தால்தான் கிடைக்கும். நீள டப்பாவை மாட்டும் அடாப்டரும் விற்கிறார்கள். அதை வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். நீள டப்பாவின் கழுத்து விளிம்பில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். டப்பாவைப் படுக்கவைத்து அந்த வெட்டு மேலே பார்க்கும்படி வைத்தால்தான் உள்ளே இருக்கும் குழாய் வெறும் ஆவியை இழுக்கும். வெட்டு கீழே திரும்பினால் திரவமாகவே வந்து, பர்னரில் தீ முழ உயரத்துக்கு எழும்பும்.

எட்டுப் பேர் பானையை அந்தச் சின்ன பர்னர் மேல் வைக்க முடியாது, கவிழ்ந்துவிடும். அதற்குத்தான் நீங்கள் பார்த்த மாதிரியான, கால் அகலமாக விரித்துத் தரையோடு உட்காரும் ஸ்டவ் வேண்டும்.

நீங்கள் சொன்னவற்றில் டிராகன்ஃபிளை பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எரிக்கும், கேஸ் எரிக்காது. ஆம்னிஃபியூல் நான்கும் எரிக்கும். அதோடு எரிபொருள் சீறி வரும் துளையுள்ள மூன்று ஜெட் வரும், கேஸுக்கு 0.45 மில்லிமீட்டர் துளை, பெட்ரோலுக்கு 0.37, மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் 0.28. எண்ணெயை மாற்றினால் ஜெட்டையும் மாற்ற வேண்டும். பெட்ரோல் ஜெட்டைப் போட்டு மண்ணெண்ணெய் எரித்தால் மஞ்சள் தீயும் கரும்புகையும்தான் வரும், பானை அடியைத் தேய்த்தே கை ஓய்ந்துபோகும். இவை இரண்டிலும் தீயைக் குறைக்க பர்னர் பக்கத்திலேயே தனி வால்வு இருக்கிறது. சோறு சமைப்பவருக்கு அதுதான் முக்கியம். எம்எஸ்ஆரிலேயே விஸ்பர்லைட் என்ற இன்னொன்று விலை குறைவு, எடையும் குறைவு, ஆனால் தண்ணீர் கொதிக்க வைக்கத்தான் லாயக்கு, சிறு தீயில் நிற்க அடம்பிடிக்கும்.

புதிதாக எடுத்தால் இந்த இரண்டும் உங்கள் அறுநூறு வெள்ளியில் பாட்டிலோடு சேர்த்து அடங்குமா என்பது சந்தேகம். கரோசெல் இணையத்தளத்தில் பழையது அவ்வப்போது வரும், பொறுத்திருந்து பாருங்கள்.

லயத்து அண்ணன்:

இதையெல்லாம் புதுச் சாமான் என்று நினைக்கிறீர்கள். தோட்டத்து லயத்து வீடுகளில் கேஸ் தோங் (சிலிண்டர்) வருவதற்கு முன்னால் எங்கள் அம்மா சமைத்த பம்ப் ஸ்டவ்வுக்கும் இதற்கும் வேலை செய்யும் விதத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. சுவீடனில் 1892-லேயே பிரைமஸ் ஸ்டவ் வந்துவிட்டது. 1953-ல் எவரெஸ்ட் ஏறியவர்கள் பனி உருக்கித் தண்ணீர் காய்ச்சியதும் அந்த ஜாதி ஸ்டவ்வில்தான்.

அடியில் டாங்கி, பம்ப் அடித்துக் காற்றை ஏற்றினால் எண்ணெய் மேலே ஏறும், தீயைச் சுற்றி வளைந்து போகும் குழாயில் சூடாகி ஆவியாகும், நிப்பிள் (ஜெட்) துளை வழியாகச் சீறிக்கொண்டு வந்து காற்றோடு கலந்து நீலமாக எரியும். இப்போது வரும் ஸ்டவ்வில் டாங்கியைத் தனி பாட்டிலாக்கிக் குழாய் போட்டுத் தள்ளி வைத்திருக்கிறார்கள், அது நல்ல மாற்றம்.

தெரியாதவர்கள் தடுமாறுவது பற்றவைக்கும் இடத்தில். குழாய் சூடாவதற்கு முன்னால் திறந்தால் மண்ணெண்ணெய் ஆவியாகாமல் எண்ணெயாகவே வெளியே வரும், அப்போதுதான் இரண்டடி உயரத்துக்கு மஞ்சள் தீ எழும்பி அம்மாமார்கள் பயப்படுகிறார்கள். ஃபார்மசியிலோ ஹார்ட்வேர் கடையிலோ ஸ்பிரிட் (எரிசாராயம்) வாங்கிக்கொள்ளுங்கள். பர்னருக்குக் கீழே இருக்கும் சின்ன கிண்ணத்தில் இரண்டு டீஸ்பூன் ஊற்றிப் பற்றவைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். அவசரப்படக் கூடாது. ஸ்பிரிட் தீரப்போகும் நேரத்தில், தீ கிண்ணத்தின் விளிம்பில் நடுங்கிக்கொண்டிருக்கும்போது வால்வைக் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். முதலில் ‘புஸ், புஸ்’ என்று விட்டு விட்டு வரும், கொஞ்சம் மஞ்சள் கலந்து எரியும், அப்புறம் ஒரே சீராக ‘சோ’ என்ற சத்தம் பிடித்துக்கொள்ளும், தீ நீலமாகும். அந்தச் சத்தம் வந்த பிறகு பானையை வையுங்கள். ஸ்பிரிட்டில் புகையும் வராது, கரியும் பிடிக்காது. மண்ணெண்ணெயையே ஊற்றிச் சூடாக்கினால் குழாயெல்லாம் கரி.

அம்மா பயப்படுவது நியாயமானது தம்பி, பெட்ரோல் வேண்டாம். பெட்ரோல் எந்த வெயிலிலும் ஆவி விட்டுக்கொண்டே இருக்கும், அந்த ஆவி காற்றை விடக் கனம், தரையோடு தவழ்ந்து போய் பத்தடி தள்ளி ஒருவர் சிகரெட் பற்றவைத்தாலும் பிடித்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் அப்படி இல்லை, சுமார் 38 டிகிரிக்கு மேல் சூடானால்தான் தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி விடும். கீழே சிந்தினால் மணல் போட்டுத் துடைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். இருட்டில், தூக்கக் கலக்கத்தில், பசங்களை வைத்துக்கொண்டு சமைக்கும் இடத்தில் இது சின்ன விஷயமில்லை. ஒரு கஷ்டம், வாடை. கையில் பட்டால் சோறு பிசையும்வரைக்கும் விடாது, அதனால் எண்ணெய் ஊற்றும் வேலையைச் சமைக்காத ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.

சிப்புட் தம்பி:

அண்ணே, இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை, ரொம்ப நன்றி. லீவர் விஷயம் கேட்டு அதிர்ச்சியாகிவிட்டது, எங்கள் கூட்டாளி ஒருவர் போன வாரம்தான் அதை ரப்பர் பட்டை போட்டு இழுத்துக் கட்டலாம் என்றார். குழுவில் எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன்.

மண்ணெண்ணெய் இப்போது எங்கே கிடைக்கும்? பெட்ரோல் நிலையத்தில் கேட்டால் இல்லை என்கிறார்கள். அப்புறம் டீசல் எரியும் என்கிறார்களே, தோட்டத்தில் டிராக்டருக்கு ஊற்றும் டீசல் எப்போதும் கண்ணெதிரே இருக்கிறது. மெனேஜரிடம் கேட்டால் ஒரு லிட்டர் தரமாட்டேன் என்று சொல்லமாட்டார்.

மில் காரன்:

டீசல் பற்றி நான் சொல்கிறேன், செம்பனை ஆலையில் பாய்லர் பக்கம் வேலை பார்ப்பவன்.

வெளிநாட்டில் எழுதும் விமர்சனங்களில் டீசலும் எரியும் என்று போட்டிருப்பார்கள், பொய் இல்லை, ஆனால் அவர்கள் ஊர் டீசல் வேறு நம் டீசல் வேறு. நம் நாட்டில் 2019-ல் இருந்து வண்டிகளுக்கு விற்கும் டீசலில் பத்து விழுக்காடு செம்பனை எண்ணெயில் இருந்து எடுத்த பயோடீசல் கலந்திருக்கிறது, பி10 என்பது அதுதான். இஞ்சினுக்கு அது ஒன்றும் செய்யாது. ஆனால் இந்த ஸ்டவ் எண்ணெயை ஒரு மெல்லிய குழாயில் ஆவியாக்கித்தான் எரிக்கிறது. செம்பனையில் இருந்து வரும் அந்தப் பகுதி ஆவியாக முந்நூறு டிகிரிக்கு மேல் சூடு கேட்கும். சின்ன ஸ்டவ்வில், அதுவும் சோற்றுக்காகத் தீயைக் குறைத்து வைக்கும்போது, குழாய்க்கு அந்தச் சூடு போதாது. ஆவியாகாதது உள்ளேயே வெந்து கரியாக ஒட்டும். சாதாரண டீசலே கரி பிடிக்கும், இது இன்னும் சீக்கிரம். சாப்பாட்டிலும் வாடை ஏறும். வேறு எதுவுமே கிடைக்காமல், உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் ஒருமுறை தண்ணீர் காய்ச்சலாம். வாராவாரம் மீன் குழம்புக்கு வேண்டாம். அதோடு தோட்டத்து டீசல் தோட்டத்து வேலைக்கு என்று கணக்கு வைத்து வருவது, மெனேஜரைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

மண்ணெண்ணெய்க்குப் பழைய சீன மளிகைக் கடைகளிலும் ஹார்ட்வேர் கடைகளிலும் ‘மின்யாக் தானா’ என்று கேளுங்கள். வெளியே தொங்கவிட்டிருக்கமாட்டார்கள், உள்ளே பின்பக்கம் டின்னில் இருக்கும். வாங்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள், தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்க வேண்டும். கலங்கலாகவோ அடியில் மண்டியோ தெரிந்தால் விட்டுவிடுங்கள். சில கடைகளில் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லி டர்ப்பென்டைனையோ தின்னரையோ எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டும் ஒன்றில்லை. தின்னர் பெட்ரோலை விட மோசம்.

பெட்ரோலுக்கும் ஒரு வார்த்தை. ரோன்95 எரியும், சந்தேகமில்லை, ரோன்97 போட்டால் ஸ்டவ்வுக்கு எந்த நன்மையும் கிடையாது, காசுதான் தண்டம். பெட்ரோலில் இஞ்சினைச் சுத்தம் செய்யச் சேர்க்கும் மருந்துகள் இருக்கின்றன, அவை ஸ்டவ் குழாயில் படியும், அதனால் அடிக்கடி கழற்றித் துடைக்க வேண்டியிருக்கும். பாட்டிலைக் கொண்டுபோனால் பல நிலையங்களில் ஊற்ற விடவும் மாட்டார்கள். மோட்டாரில் இருந்து குழாய் போட்டு வாயால் உறிஞ்சி எடுப்பதை மட்டும் யாரும் செய்யாதீர்கள், ஒரு மிடறு நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான்.

சாரணர் டீச்சர்:

ஆண்கள் எல்லாரும் ஸ்டவ்வைப் பற்றியே பேசுகிறீர்கள், சமையலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. தமிழ்ப்பள்ளிச் சாரணர் முகாம்களில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வெளியில் சமைப்பது என் வேலை, அதனால் எழுதுகிறேன்.

எட்டுப் பேருக்கு ஒரே அடுப்பு போதாது தம்பி, அது எவ்வளவு விலை உயர்ந்த அடுப்பாக இருந்தாலும் சரி. சோறு ஒன்றில், குழம்பு ஒன்றில் ஏறினால்தான் இரண்டும் ஒரே நேரத்தில் சூடாக இறங்கும். உங்கள் ஸ்டீம்போட் அடுப்பைத் தூக்கிப் போடாதீர்கள். பானை அளவைச் சின்னதாக்கி அதில் குழம்பு வையுங்கள், சோற்றைப் புது ஸ்டவ்வில் வையுங்கள். கரை வரைக்கும் ஹிலக்ஸ் வண்டி போகும் என்றால் வீட்டு கேஸ் தோங்கையே ஏற்றிக்கொண்டு போகலாம், ஒற்றை பர்னர் அடுப்பு போதும். 14 கிலோ தோங் 26 வெள்ளி 60 காசு, எந்த டப்பாவும் அந்த விலைக்குக் கிட்டவே வராது. வண்டியில் நிற்க வைத்தே கட்ட வேண்டும், படுக்கவைக்கக் கூடாது.

சோற்றுக்கு நான் செய்வது இது. அரிசியைப் புறப்படுவதற்கு முன்னாலேயே கழுவி ஊறவைத்துவிடுவேன். அரை மணி ஊறிய அரிசி பாதி வேலையை முடித்துவிட்டுத்தான் பானைக்குள் போகிறது. தண்ணீர் கொதிக்கும்வரை முழுத் தீ, அரிசி போட்டு மறுபடி கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மேல் தண்ணீர் வற்றி சோற்றின் மேல் சின்னச் சின்னக் குழிகள் தெரிந்ததும் அணைத்துவிட்டு, பானையைத் துண்டால் சுற்றி ஓரமாக வைத்துவிடுவேன். மூடியைத் திறக்கவே கூடாது. அந்தச் சூட்டிலேயே மீதி வெந்துவிடும், அடியும் பிடிக்காது, எண்ணெயும் மிச்சம். தீ குறையாத ஸ்டவ்வாக இருந்தாலும் இந்த முறையில் சமாளிக்கலாம், கனமான அடி உள்ள பானை மட்டும் வேண்டும். முகாம் சாமான் என்று விற்கும் மெல்லிய அலுமினியச் சட்டி நம் சாப்பாட்டுக்கு ஒத்துவராது. மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், ஆனால் சோறு வேக நேரம் எடுக்கும். 1,500 மீட்டரில் 95 டிகிரியிலேயே கொதி வந்துவிடுகிறது, அதற்கு மேல் தீயைக் கூட்டினாலும் தண்ணீர் சூடேறாது. அங்கே மீ ஹூன், அவல் மாதிரி கொண்டுபோவது நல்லது.

இன்னொன்று, இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மழை பிடித்துக்கொண்டால் கூடாரத்துக்குள் அடுப்பைக் கொண்டுபோகாதீர்கள். எந்த எரிபொருளாக இருந்தாலும், தீ நீலமாக அழகாக எரிந்தாலும், மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாடை கிடையாது, நிறம் கிடையாது. தலைவலி, தூக்கம் மாதிரி வரும், அசதி என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். மேலே ஒரு தார்ப்பாய், நான்கு பக்கமும் திறந்து, தலைக்கு மேல் நல்ல உயரத்தில் கட்டிக்கொள்ளுங்கள், அதற்குக் கீழே சமையுங்கள். புறப்படும்போதே அந்தத் தார்ப்பாயை அடுப்போடு சேர்த்துக் கட்டிவிட்டால் மறக்காது.

ரவாங் பாலா:

நான் மாறுபடுகிறேன். எல்லாரும் மண்ணெண்ணெய் என்கிறீர்கள், ஆனால் அது கிடைக்கும் கடைகள் குறைந்துகொண்டே போகின்றன. பியூட்டேன் டப்பா ஒவ்வொரு மினி மார்க்கெட்டிலும் ஐந்தாறு வெள்ளிக்கு அடுக்கி வைத்திருக்கிறார்கள். புறப்படும்போது கூட இரண்டு டப்பா எடுத்துக்கொண்டால் முடிந்தது. அறுநூறு வெள்ளிக்கு எத்தனை டப்பா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளியில் சமைப்பதற்கு என்றே காற்று மறைப்போடு வரும் நல்ல கேஸ் அடுப்பு நூறு நூற்றைம்பதுக்குக் கிடைக்கிறது.

கிந்தா நடையன்:

பாலா சொல்வதிலும் உண்மை இருக்கிறது, ஒரு நாள் ராத்திரி தங்கி வருவதற்கு நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் காலி டப்பாக்களை ஆற்றங்கரையில் எறிந்துவிட்டு வரும் ஆட்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு ஆறவில்லை. பிளஸ் ஆற்றில் தண்ணீர் ஏறி இறங்கினால் மணலுக்கடியில் இருந்து துருப்பிடித்த டப்பாவாக வெளியே வரும். மண்ணெண்ணெய் பாட்டில் மறுபடி மறுபடி அதேதான், குப்பை கிடையாது. டப்பா எடுத்துப் போகிறவர்கள் காலியையும் எண்ணித் திரும்பக் கொண்டுவாருங்கள்.

தம்பி கேட்ட பிஆர்எஸ்-8 பற்றி யாரும் சொல்லவில்லை. நண்பர் ஒருவர் வைத்திருக்கிறார், நானும் அதில் சமைத்திருக்கிறேன். நன்றாகவே எரிகிறது. சத்தம் அதிகம், பக்கத்தில் உட்கார்ந்து பேச முடியாது, ஆனால் டிராகன்ஃபிளையும் சத்தத்துக்குப் பேர் போனதுதான். என் தயக்கம் உதிரிச் சாமான்களில். எம்எஸ்ஆருக்கும் பிரைமஸுக்கும் ரப்பர் வளையம், ஜெட், பம்ப் வாஷர் எல்லாம் ஒரு சின்னப் பையில் பராமரிப்பு செட்டாக விற்கிறார்கள், எத்தனையோ வருடப் பழைய ஸ்டவ்வுக்கும் பொருந்தும். சீன ஸ்டவ்வில் வளையம் போனால் அதே விற்பனையாளர் அப்போது இருக்கிறாரா என்று தேட வேண்டும். வாங்குவதானால் வளையங்களைக் கூடுதலாக அப்போதே வாங்கி வைத்துவிடுங்கள், எரிபொருள் பாட்டிலை மட்டும் நல்ல பெயருள்ளதாக வாங்குங்கள். அழுத்தம் ஏறும் பாட்டில் அது, மலிவு பார்க்கும் இடமில்லை. தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கொண்டு சமாளிக்கவே கூடாது. பாட்டிலில் கோடு போட்டிருக்கும், அதற்கு மேல் ஊற்றாதீர்கள், காற்றுக்கு இடம் வேண்டும்.

கோர்புவுக்கு ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். அது வனக்காப்பகம், வனத்துறை அனுமதியும் பதிவு பெற்ற வழிகாட்டியும் இல்லாமல் ஏறக் கூடாது. அடுப்பு எங்கே பற்றவைக்கலாம் என்பதை வழிகாட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிப்புட் தம்பி:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. வீட்டில் அம்மாவிடம் லயத்து அண்ணன் எழுதியதை வாசித்துக் காட்டினேன், மண்ணெண்ணெய் என்றால் சரி என்றார். பாட்டி உள்ளே இருந்து, பம்ப் ஸ்டவ்வுக்கு ஸ்டவ் பின் வாங்க மறக்காதே என்று குரல் கொடுத்தார்.

முடிவு இப்படி. மலைக்குப் போகும்போது சின்ன கேஸ் பர்னர், அதைக் குழுவில் ஒருவர் ஏற்கெனவே வைத்திருக்கிறார். ஆற்றுக்கு மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒன்று, கூடவே பழைய ஸ்டீம்போட் அடுப்பில் சின்னப் பானை. கரோசெலில் ஈப்போவில் ஒருவர் பழைய டிராகன்ஃபிளை பாட்டிலோடு முந்நூற்றெண்பது வெள்ளி என்று போட்டிருக்கிறார். போய்ப் பார்க்கும்போது எதை எதைச் சோதிக்க வேண்டும்? பம்ப் அடித்தால் பிடிக்கவில்லை, ஆனால் சின்ன வேலைதான் என்று அவரே எழுதியிருக்கிறார்.

லயத்து அண்ணன்:

அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். பம்ப் தண்டை வெளியே இழுத்துப் பாருங்கள், நுனியில் கிண்ணம் மாதிரி ஒரு தோல் வாஷர் இருக்கும். அது காய்ந்து சுருங்கிப் போயிருந்தால் காற்றை அமுக்காது, தண்டு சும்மா போய் வரும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, விரலால் விளிம்பைச் சுற்றிலும் மெதுவாக வெளிப்பக்கம் தடவி விரித்துவிட்டு, மறுபடி உள்ளே விட்டு அடியுங்கள். ஐந்தாறு அடியிலேயே கையை எதிர்த்துத் தள்ளும். தள்ளினால் பம்ப் நன்றாக இருக்கிறது. தேங்காய் எண்ணெயோ சமையல் எண்ணெயோ எதுவானாலும் சரி, ஒரு சின்ன சீசாவில் கொண்டுபோங்கள்.

அடுத்து பாட்டிலில் மூடி மாட்டும் இடத்தில் ரப்பர் வளையம். நகத்தால் அழுத்திப் பாருங்கள், வெடிப்புத் தெரிந்தால் புதிது போடாமல் பற்றவைக்கவே கூடாது. பாட்டிலில் பள்ளம் விழுந்திருந்தால், துருவோ உரசலோ ஆழமாக இருந்தால் பாட்டிலை விட்டுவிட்டு ஸ்டவ்வை மட்டும் விலை பேசுங்கள். ஸ்டவ்வைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்குங்கள், உள்ளே ஊசி ‘டிக் டிக்’ என்று ஆட வேண்டும், அந்த ஊசிதான் ஜெட் துளையைக் குத்திச் சுத்தம் செய்கிறது, பாட்டி சொன்ன பின் வேலையை அதுவே செய்துவிடும். சத்தம் வராவிட்டால் கரி அடைத்திருக்கிறது, கழற்றிக் கழுவலாம், ஆனால் அதைச் சொல்லி விலையைக் குறைக்கக் கேளுங்கள். மண்ணெண்ணெய் ஜெட் தனியாக இருக்கிறதா என்றும் கேளுங்கள், பலர் பெட்ரோல் ஜெட்டோடு வைத்துவிட்டு மற்றதைத் தொலைத்திருப்பார்கள்.

கடைசியாக, அவர் வீட்டு வாசலிலேயே பற்றவைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஸ்பிரிட் நீங்களே கொண்டுபோங்கள். நீலத் தீ வந்த பிறகு வால்வைக் குறைத்து, சிறு தீயில் அணையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் காசைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள்.